சனிக்கிழமை வகுப்பு எடுக்க வேண்டும்: ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்கலாமா?

தாலுகா வக்கீல்:

எல்லோருக்கும் வணக்கம். தென் மாவட்டத் தாலுகா ஊர் ஒன்றில் 2004 முதல் வக்கீலாக இருக்கிறேன். சிவில் வழக்குகளும் குடும்ப வழக்குகளும்தான் பெரும்பாலும். எங்கள் சங்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் வகுப்பு எடுக்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு "தொழில் தர்மமும் தொழில்நுட்பமும்". நாற்பது பேர் வரலாம். பாதிப் பேர் ஜூனியர்கள், மீதி என்னைவிட மூத்தவர்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று கேட்கத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் பார் கவுன்சிலில் ஒருமுறை பதிவு செய்துவிட்டால், அதற்கப்புறம் வக்கீல் கட்டாயமாகப் படித்தாக வேண்டும் என்று எதுவும் இல்லை. 2009-10-க்குப் பிறகு சட்டம் முடித்தவர்களுக்கு அகில இந்திய பார் தேர்வு ஒன்று இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. அதனால் இந்த மூன்று மணி நேரத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. வருகிறவர்களில் சிலருக்கு இந்த விஷயத்தில் வாழ்நாளில் கிடைக்கப்போகும் ஒரே வகுப்பு இதுவாகக்கூட இருக்கலாம்.

சங்கத்தில் கொடுத்த குறிப்பில் ஏஐ, பிளாக்செயின், சைபர் தாக்குதல் என்று இருக்கிறது. எனக்கு மனதில் நிற்பது வேறு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

2019-இல் ஒரு பள்ளி ஆசிரியை விவாகரத்து வழக்குக்காக என்னிடம் வந்தார். மனுவின் முதல் வரைவில் அவர் மன அழுத்தத்துக்கு எடுத்துக்கொண்ட சிகிச்சையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. படித்துப் பார்த்தபோது அது வழக்குக்குத் தேவையில்லை, எதிர்த்தரப்புக்குத்தான் பயன்படும் என்று தோன்றியதால் எடுத்துவிட்டேன். தாக்கல் செய்த மனுவில் அந்தப் பத்தி இல்லை. ஆனால் அந்த முதல் வரைவை என் ஜூனியர் கோர்ட் எதிரில் இருக்கும் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பித்தான் பிரிண்ட் எடுத்திருந்தார். எங்கள் ஆபீஸ் பிரிண்டரில் அன்று இங்க் தீர்ந்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அந்தக் கடையில் வாட்ஸ்அப் காலையிலிருந்து இரவு வரை கம்ப்யூட்டரில் திறந்தே இருக்கும். வருகிற ஃபைல் எல்லாம் டவுன்லோட்ஸில் போய் உட்காரும். யாரும் அழிப்பதில்லை. எங்கள் ஃபைலுக்கு அந்த ஆசிரியையின் பெயரையே வைத்திருந்தோம். சில நாள் கழித்து வேறு எதற்கோ பிரிண்ட் எடுக்கப் போன கணவர் வீட்டு உறவினர் ஒருவர், கடைப் பையன் ஃபைலைத் தேடும்போது திரையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டார். அதையும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா என் ஆபீசில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "உங்ககிட்ட மட்டும்தானே மேடம் சொன்னேன்" என்றார். வேறு வக்கீல் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது அன்றைக்கே ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்து, கட்டையும் வாங்கிய ஃபீஸையும் திருப்பித் தந்தேன். ஜூனியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைக்கு அனுப்பாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நானே அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் நடத்தை விதிகளில் 17-ஆவது விதி, சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு சுமத்தும் கடமையை நேரடியாகவோ மறைமுகமாகவோ மீறக்கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல், சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் அந்த 126 இப்போது 132-ஆகிவிட்டது. கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது, வழக்கு முடிந்த பிறகும் கூடாது. வக்கீலின் குமாஸ்தாவையும் ஊழியரையும் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்தே அந்தப் பிரிவு கட்டிப்போடுகிறது. ஜெராக்ஸ் கடைப் பையனை அது கட்டாது. அவன் நம் ஊழியர் இல்லை. அப்படியென்றால் அவன் கையில் போகிற ஒவ்வொரு ஃபைலுக்கும் பொறுப்பு யார்?

சரி, என் கேள்விகள். வகுப்பை இந்தக் கடையிலிருந்தே தொடங்கினால் மூத்தவர்கள் "இதுதானா டெக்னாலஜி" என்று எழுந்து போய்விடுவார்களா? ஏஐ பற்றி எவ்வளவு நேரம் பேச வேண்டும்? வெளிநாட்டில் இதைக் கட்டாயமாகப் படிக்கிறார்களே, அங்கே எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.


பெஞ்ச் ஜூனியர்:

மேடம், மதுரை பெஞ்சில் நாலு வருடமாக இருக்கிறேன். கடையிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் ஏஐக்கும் ஒரு மணி நேரம் கண்டிப்பாக ஒதுக்குங்கள். ஜூனியர்கள் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறோம், சீனியரிடம் சொல்வதில்லை. நிலைமை இதுதான்.

போன வருடம் ஒரு தடையுத்தரவு மனுவுக்கு நான் நோட்ஸ் எடுத்தேன். சாட்பாட் நாலு தீர்ப்பு கொடுத்தது. மூன்று சரியாக இருந்தன. நாலாவது தீர்ப்பின் பெயர், வருடம், தொகுதி, பக்கம் எல்லாம் பார்க்க அச்சு அசலாக இருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கும் இ-எஸ்சிஆர் தளத்தில் தேடினேன், இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்திலும் தேடினேன், கிடைக்கவில்லை. லைப்ரரிக்குப் போய் அந்தத் தொகுதியையே எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் வேறு ஒரு வரி வழக்கின் நடுப்பகுதி இருந்தது. மூன்று சரியாக இருந்ததால் நாலாவதைப் பார்க்காமல் விட்டுவிட இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

நியூயார்க்கில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். விமானத்தில் டிராலி முழங்காலில் இடித்ததாக மாட்டா என்பவர் ஏவியாங்கா நிறுவனத்தின் மீது போட்ட வழக்கு. அவர் வக்கீல் சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்தார். 2023 ஜூனில் நீதிபதி கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் போட்டார். அந்த வக்கீல் புதியவர் இல்லை, முப்பது வருட அனுபவம் உள்ளவர். தீர்ப்பு நிஜமா என்று அவர் அதே சாட்ஜிபிடியிடமே கேட்டு, நிஜம் என்று அது சொன்னதையும் நம்பியிருக்கிறார். நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி, அப்புறம் அந்த உத்தரவையே திரும்பப் பெற்றது. வக்கீல் மட்டும் இல்லை, தீர்ப்பு எழுதுகிற இடத்திலும் வருகிறது என்பதைச் சொல்லுங்கள். மூத்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு யோசனை. பத்து சைட்டேஷனை, அதாவது தீர்ப்பு மேற்கோளை, அச்சடித்துக் கொடுங்கள். ஏழு நிஜம், இரண்டு பொய். மீதி ஒன்றில் தீர்ப்பு நிஜமாக இருக்கட்டும், ஆனால் மேற்கோள் காட்டிய பத்தி அதில் இல்லாததாக இருக்கட்டும். போனை வைத்தே இருபது நிமிடத்தில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இல்லாத தீர்ப்பை யாராவது பிடித்துவிடுவார்கள். இருக்கும் தீர்ப்பில் இல்லாத வரி வந்தால், முழுத் தீர்ப்பையும் படித்தவர்தான் பிடிப்பார்.


தாலுகா வக்கீல்:

தம்பி, அந்தப் பத்து சைட்டேஷன் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கடைசி வகையைத்தான் நான் யோசிக்கவே இல்லை.

ஏஐ விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. பொய்த் தீர்ப்பு கோர்ட்டில் ஒருநாள் பிடிபட்டுவிடும். கட்சிக்காரரின் கதையை அதில் கொட்டுவது யாருக்கும் தெரியாமலே போய்விடும். போன மாதம் ஒரு ஜூனியர், பாகப்பிரிவினை வழக்கில் கட்சிக்காரர் சொன்ன குடும்ப விவரம் முழுவதையும், தாத்தாவின் இரண்டாவது குடும்பம் வரை, பெயர் ஊரோடு டைப் செய்து "பிராது தயார் செய்து கொடு" என்று கேட்டிருந்தார். பிராது நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அந்தக் குடும்பம் எழுபது வருடமாக ஊரில் மூடி வைத்திருந்த விஷயம் எந்த நாட்டுக் கம்ப்யூட்டரில் போய் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பியதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கடை இன்னும் பெரியதாகிவிட்டது, அவ்வளவுதான்.

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு ஏஐ கொள்கை வெளியிட்டது. அனுமதித்த கருவிகளை மட்டும் பயன்படுத்தலாம், தீர்ப்பைத் தீர்மானிக்கப் பயன்படுத்தவே கூடாது, பொது இணையக் கருவிகளில் தகவலைப் போட்டால் ரகசியம் போய்விடும் என்று அதில் இருக்கிறது. அது நீதிபதிகளுக்கும் கோர்ட் ஊழியர்களுக்கும்தான். வக்கீல்களைக் கட்டாது. ஆனாலும் அதன் நகலை நாற்பது பேருக்கும் கொடுக்கப் போகிறேன்.


ஹட்சன் கரை:

வணக்கம் மேடம். திருநெல்வேலிக்காரன், நியூயார்க்கில் வக்கீலாக இருக்கிறேன். கட்டாயப் படிப்பு பற்றிக் கேட்டீர்கள்.

இங்கே அனுபவமுள்ள வக்கீல் இரண்டு வருடத்துக்கு 24 மணி நேரம் படித்தாக வேண்டும். அதில் 4 மணி நேரம் தொழில் தர்மம். 2023 ஜூலை 1 முதல் சைபர் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்புக்கு 1 மணி நேரம் தனியாகக் கட்டாயம். புளோரிடா இதற்கு முன்பே, 2017-இலேயே, மூன்று வருடத்துக்கு 3 மணி நேரம் தொழில்நுட்பம் என்று கொண்டுவந்துவிட்டது. இதற்கெல்லாம் அடித்தளம் 2012-இல் அமெரிக்கன் பார் அசோசியேஷன் தன் மாதிரி விதிகளில் சேர்த்த ஒரு வரி: தொழில்நுட்பத்தின் நன்மையையும் ஆபத்தையும் தெரிந்து வைத்திருப்பதும் வக்கீலின் திறமையில் சேர்த்தி. இங்கே திறமை என்பது தொழில் தர்ம விதிகளில் முதலாவது. அதனால் "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்பது இங்கே சாக்கு ஆகாது.

ஆனால் மணி நேரக் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாதி வகுப்பு வீடியோதான். நடுநடுவே ஒரு குறியீடு சொல்வார்கள், அதை எழுதிக் கொடுத்தால் கிரெடிட். வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு வகுப்புதான் இன்றுவரை நினைவில் நிற்கிறது. வந்ததும் எல்லோரையும் போனை வெளியே எடுக்கச் சொன்னார்கள். எந்தெந்த செயலிக்கு மைக், தொடர்புப் பட்டியல், போட்டோ அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று நீங்களே பாருங்கள் என்றார்கள். என் போனில் ஒரு விளையாட்டுச் செயலி என் கட்சிக்காரர்கள் அத்தனை பேரின் எண்களையும் எடுத்துக்கொண்டிருந்தது. என் மகன் ஏற்றியது. அந்த ஒரு மணி நேரத்தில் பேச்சாளர் பத்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்.

ஏஐ பற்றி 2024 ஜூலையில் அமெரிக்கன் பார் அசோசியேஷன் 512-ஆவது கருத்துரை வெளியிட்டது. உங்கள் கவலைக்கு அதில் நேரடியாகப் பதில் இருக்கிறது. உள்ளே போடுவதைக் கற்றுக்கொள்ளும் கருவியில் கட்சிக்காரர் விவரத்தைப் போடும் முன், விஷயத்தை விளக்கிச் சொல்லி அவர் சம்மதம் வாங்க வேண்டும். ஃபீஸ் ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒரு வரி எழுதி வைத்தால் போதாது. இன்னொன்று, மணிக் கணக்கில் ஃபீஸ் வாங்குகிறவர் உண்மையில் உழைத்த நேரத்துக்குத்தான் வாங்கலாம். உங்கள் ஊரில் மணிக் கணக்கு இல்லை, அதனால் அது உங்களுக்குப் பொருந்தாது.


மூத்த குடிமகன்:

எனக்கு இந்தத் தொழிலில் 36 வருடம். கட்சிக்காரர் ரகசியம் வகுப்பில் வருகிற பாடம் இல்லை. நான் என் சீனியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அவர் கட்சிக்காரரிடம் பேசும்போது தன் மனைவியைக்கூட அந்தப் பக்கம் வரவிட மாட்டார். இன்று ஜூனியர்கள் ஆறு மாதத்தில் தனி போர்டு மாட்டிவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை. மூன்று மணி நேர வகுப்பு அதைச் சரிசெய்யாது.

வகுப்பு எடுப்பதென்றால் ரீல்ஸ் பற்றி எடுங்கள். விளம்பரம் கூடாது என்று பார் கவுன்சிலின் 36-ஆவது விதி சொல்கிறது. 2024 ஜூலை 3-இல் சென்னை உயர் நீதிமன்றமும் இணையதளங்கள் வழியாக வேலை தேடுவதைக் கண்டித்து, நடவடிக்கை எடுக்க பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதற்கப்புறமும் கோர்ட் வாசலில் கவுனோடு நின்று வீடியோ எடுக்கிறார்கள். கட்சிக்காரரை நிற்க வைத்து "அண்ணன்தான் ஜாமீன் வாங்கிக் கொடுத்தார்" என்று பேசவும் வைக்கிறார்கள்.


தாலுகா வக்கீல்:

ஐயா, திண்ணையில் நீங்கள் கற்றதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் சீனியரும் அப்படித்தான். கட்சிக்காரர் எழுந்து போன பிறகு மேஜையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. ஆனால் அவர் காலத்தில் வாட்ஸ்அப் இல்லை. அவரிடம் படித்த நான்தான் அந்த ஆசிரியையின் ஃபைலைத் தெருவில் விட்டேன். மனதில் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் முழுசாக இருந்தது. அது எந்த வழியாகப் போகும் என்றுதான் தெரியவில்லை. வகுப்பால் அந்த எண்ணத்தை உண்டாக்க முடியாது என்பது சரி. வழியைக் காட்ட முடியும் என்று நம்புகிறேன்.

ரீல்ஸ் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அந்த ஜாமீன் வீடியோவில் விளம்பரத்தைவிட எனக்கு வலிப்பது அந்தக் கட்சிக்காரரின் முகம். நாளைக்கு அவர் விடுதலையே ஆகிவிட்டாலும் அந்த வீடியோ இருக்கும். சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வியும் சேர்க்க நினைக்கிறேன். "மேடம், அந்த மெசேஜை எல்லாம் அழிச்சிடட்டுமா?" குடும்ப வழக்கிலும் செக் வழக்கிலும் வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். போனில் கேட்டால் நாமும் அவசரத்தில் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிடுகிறோம். கோர்ட்டில் சாட்சியமாக வராமல் தடுக்க மின்னணுப் பதிவை அழிப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவில் குற்றம். "உங்க இஷ்டம்" என்பது யோசனை சொன்னதாகுமா, சொல்லாததாகுமா? இதை வகுப்பில் விவாதத்துக்கு விடப் போகிறேன். நம் பக்கத்துக்குச் சாதகமான மெசேஜுக்கும் இது பொருந்தும். போனை மாற்றிவிட்டு ஃபார்வர்டு ஆன ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் கொண்டு வருகிறார்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவில் தரும் சான்றிதழில் இப்போது ஹாஷ் மதிப்பு, அதாவது ஃபைல் மாறவில்லை என்று காட்டும் எண், எழுத வேண்டும், இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்து வேண்டும். மூலம் இருந்த போன் எக்ஸ்சேஞ்சில் போன பிறகு எதற்கு ஹாஷ் எடுப்பது? முதல் சந்திப்பிலேயே "போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்" என்று சொல்வது நம் கடமை.


பழைய குமாஸ்தா:

வக்கீலம்மா, நான் வக்கீல் இல்லை. ஒரு வக்கீல் ஆபீசில் 31 வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன். என் பேத்தி இந்தப் பதிவைப் படித்துக் காட்டினாள். அவள்தான் நான் சொல்லச் சொல்ல டைப் செய்கிறாள்.

எங்கள் ஆபீசில் ரெமிங்டன் மெஷின் இருந்தது. ஒரு மூலம், மூன்று கார்பன் பிரதி. டைப் அடித்து முடித்ததும் கார்பன் தாளை ஐயாவிடம் காட்டிவிட்டு நாலாகக் கிழித்து அடுப்பில் போட வேண்டும். ஏன் என்றால் புதுக் கார்பனை ஒருமுறை அடித்த பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்து அப்படியே தெரியும். ஒருநாள் காசு மிச்சம் பிடிக்க அதே கார்பனை அடுத்த கட்சிக்காரர் நோட்டீசுக்கு வைத்துவிட்டேன். ஐயா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நீங்கள் சொல்லும் டவுன்லோட்ஸ் எனக்கு அந்தக் கார்பன் மாதிரிதான் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்கை இணையத்தில் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங் வந்த பிறகு வயதான வக்கீல்கள் நிறையப் பேர் அதை வெளியில் கொடுத்துத்தான் செய்கிறார்கள். நான் பார்த்த ஒரு கடையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தில் வக்கீல் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு. பதினோரு பேர். இரண்டு பேருக்கு ஓடிபி போவதே கடைக்காரர் போனுக்குத்தான், பதிவு செய்யும்போதே அவர் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். டிஜிட்டல் கையெழுத்து பென்டிரைவ் கல்லாப் பெட்டிக்குள் கிடக்கிறது. அந்தக் காலத்தில் வெற்றுத் தாளில் ஐயா கையெழுத்துப் போட்டுக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

குமாஸ்தாக்களையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள் அம்மா. ஃபைலை யார் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்? அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை.


தாலுகா வக்கீல்:

ஐயா, உங்களுக்கும் உங்கள் பேத்திக்கும் நன்றி. கார்பன் தாளைப் படித்ததும் வகுப்பின் முதல் பத்து நிமிடம் எனக்குக் கிடைத்துவிட்டது. ஒரு கார்பன் தாள் வாங்கி, கையால் நாலு வரி எழுதி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் காட்டப் போகிறேன். மூத்தவர்கள் எழுந்து போக மாட்டார்கள் என்று இப்போது தைரியம் வந்திருக்கிறது. அப்புறம் சைட்டேஷன் தேர்வு. அதன்பிறகு எல்லோரும் போனை வெளியே எடுத்து, வாட்ஸ்அப்பில் "இணைத்த சாதனங்கள்" என்ற இடத்தைத் திறந்து, எந்தெந்தக் கம்ப்யூட்டரில் தங்கள் கணக்கு இன்னும் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிளாக்செயினை விட்டுவிடுகிறேன்.

நேற்று மாலை அந்தக் கடைக்குப் போயிருந்தேன். 2019-க்கு அப்புறம் அங்கே கால் வைத்ததில்லை. கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. முகம் வாடிவிட்டது. டவுன்லோட்ஸைத் திறந்து காட்டினார். வக்காலத்து, வாடகை ஒப்பந்தம், குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்கான ஒரு போக்சோ வழக்கின் வாக்குமூலம்கூட இருந்தது, கோப்பின் பெயரிலேயே குழந்தையின் பெயரோடு. அந்த ஒன்றை மட்டும் என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன். மீதியை இரவு கடை மூடும்போது தானே அழிப்பதாகச் சொன்னார். இனி தினமும் அழிக்க வேண்டும் என்றால் யார் எப்போது அனுப்பியது என்று எப்படித் தெரிந்துகொள்வது, மறுநாள் திரும்ப வந்து இன்னொரு பிரதி கேட்டால் என்ன செய்வது என்று இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுமே நல்ல கேள்விகள். என்னிடம் பதில் இல்லை.

கிளம்பும்போது "சனிக்கிழமை நானும் வரலாமா மேடம்?" என்றார். சங்கக் கட்டடத்தில் வக்கீல் அல்லாதவர்கள் உட்கார்ந்து பழக்கமில்லை, தலைவரிடம் கேட்க வேண்டும். குமாஸ்தாக்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன். அவருடைய அந்த இரண்டு கேள்விக்கு இங்கே யாருக்காவது வழி தெரிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.